காதுக்குள் எரியும் திரி

சிவகாசி,
12-8-1962, ஞாயிறு மத்தியானம்.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் யோபு வாத்தியார் அவர்களுக்கு, உங்கள் அக்காள் பாக்கியவதியின் புருஷன் தேவாசீர்வாதம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். எழுத்துகள் ஒன்று பெருத்தும் ஒன்று சிறுத்தும், ஈரம் காயாமல் கட்டிய சரவெடி மாதிரி இருக்கும். வரிகள் இடப்பக்கத்தில் ஒழுங்காகத்தான் புறப்படுகின்றன. வலப்பக்கம் போய்ச் சேரும்போது மேலே ஏறிவிடுகின்றன. காகிதத்தைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன், அப்போது கீழே இறங்கின. நீங்கள் வாத்தியார். கை தன்னால் சிவப்பு மையைத் தேடும். தயவுசெய்து தேட வேண்டாம். இது என் ஆயுசில் நான் எழுதுகிற முதல் கடிதம். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் தேவமணி டீச்சர் வேதக்கோயில் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தபோது பெஞ்சு கொள்ளாமல் ஆட்கள் வந்தோம். இப்போது நானும் கண் மங்கிய ஒரு கொத்தனாரும்தான் மிச்சம். போன மாதம் டீச்சர் என் சிலேட்டைப் பார்த்துவிட்டு, “தாத்தா, இனி நீங்க யாருக்கு வேணும்னாலும் கடுதாசி போடலாம்” என்று சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்று கூட வரவில்லை. (இந்த வரியை உங்கள் அக்காளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். அவளுக்கு வாசிக்கத் தெரியாததால் நீங்கள்தான் சத்தமாக வாசிக்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகையால் எதை வாசிக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று அங்கங்கே குறித்திருக்கிறேன்.)

முதல் கடிதம் நன்றியும் துதியுமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அது பெண்டாட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கெஞ்சுகிற கடிதமாகப் போயிற்று. திங்கட்கிழமை காலையில் அவள் பெட்டியோடு உங்கள் வாசலில் வந்து இறங்கியபோது என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். நடந்ததை நடந்தபடி நான் எழுதுகிறேன், வாசித்துவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் காது. நான் வெடி ஆபீசில் என்ன வேலை பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியும். லோடு ஏறுவதற்கு முன்னால் கட்டுக்கு ஒன்றாக உருவி, பொட்டலில் வைத்துக் கொளுத்திப் பார்க்கிற வேலை. நன்றாக வெடித்தால் தலையை ஆட்டுவேன், லோடு போகும். வெடிக்காவிட்டால் கையைத் தூக்குவேன், யாரும் கிட்டே போகாமல் தூரத்தில் இருந்து தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருப்போம். இருபது வருஷம் அப்படிக் கொளுத்திவிட்டு வேலையை விட்டு நின்றேன். நின்ற பிறகு ஒரு நாள், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஸ்ஸ் என்று கேட்டது. திரி எரிகிற சத்தம். துள்ளி எழுந்து பாயைத் தூக்கிப் பார்த்தேன், அடுப்படியில் பார்த்தேன், கோழிக்கூட்டில் பார்த்தேன். எங்கும் இல்லை. என் இடது காதுக்குள் எரிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து அது அணையவில்லை. மாப்பிள்ளை, ஊரில் எத்தனையோ பேருக்குக் காதில் வண்டு கத்துகிறது, மணி அடிக்கிறது என்கிறார்கள். அவர்கள் கொடுத்து வைத்தவர்கள். வண்டு கத்தினால் வண்டு கத்துகிறது, அவ்வளவுதான். எனக்கோ திரி எரிகிறது. திரி எரிந்தால் அடுத்தது வெடிக்க வேண்டும். இருபது வருஷமாக என் உடம்பு அதைத்தான் படித்திருக்கிறது. அதனால் சாப்பிடும்போதும் ஜெபம் பண்ணும்போதும் என் தோள்கள் இரண்டும் காது வரைக்கும் தூக்கிக்கொண்டு, இதோ இதோ என்று நிற்கின்றன. அது எரிகிறது, எரிகிறது, வெடிக்கவே மாட்டேன் என்கிறது. தூரத்தில் போய் நிற்கலாம் என்றால் காதைக் கழற்றி வைக்க வழி இல்லை. தண்ணீருக்குப் பதிலாகப் பாக்கியவதி ஒரு முறை எண்ணெய் ஊற்றிப் பார்த்தாள். ஒரு வாரம் திரி எண்ணெயில் எரிந்தது.

மதுரைக்குப் போய் மிஷன் ஆஸ்பத்திரியில் காட்டினோம். கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா ஒரு இரும்புக் கவட்டையைத் தட்டி என் மண்டையில் வைத்துப் பார்த்தார்கள்.

“என்ன மாதிரிச் சத்தம் பெரியவரே?”

“திரி எரியுற சத்தம்மா.”

“எப்பலேருந்து?”

“கொளுத்துன நாள்லேருந்து. இன்னும் வெடிக்கல.”

“அது வெடிக்காது” என்றார்கள்.

எரிகிற திரியைக் காட்டி இது வெடிக்காது என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் நம்பவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்கும். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பொறுமையாகச் சொன்னார்கள். அதை நிறுத்த மருந்து கிடையாதாம். காதுக்குள் இருக்கிற சத்தத்தோடு சண்டை போடக் கூடாதாம். அதைவிடக் கொஞ்சம் மெல்லிசாக, ஒரே சீராக, பக்கத்தில் வேறு ஒரு சத்தத்தை வைத்துக்கொண்டால் மனசு மெதுவாக அதன் பின்னால் போய்விடுமாம். சத்தத்துக்குச் சத்தமே வைத்தியம். “மழை பெய்யுற சத்தம், ஓடை ஓடுற சத்தம், அந்த மாதிரி ஏதாவது தூங்குற இடத்துல இருந்தாப் போதும்” என்றார்கள். பாக்கியவதி குறுக்கிட்டாள். “அம்மா, நாங்க சிவகாசிக்காரக. மழைக்கும் ஓடைக்கும் நாங்க எங்கன போவோம்?” என்றாள். டாக்டரம்மா, அப்படியானால் வேறு ஏதாவது பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் பார்த்தேன். அந்த வேறு ஏதாவதுகளின் கதைதான் இது.

முதலில் ஒரு பானையின் அடியில் சிறு ஓட்டை போட்டு, ஜன்னல் பக்கத்தில் உயரக் கட்டித் தொங்கவிட்டு, கீழே பித்தளைத் தாம்பாளம் வைத்தேன். சொட்டுச் சொட்டாக விழுந்தது. நன்றாகத்தான் இருந்தது. தூக்கம் வந்தது. தூக்கத்தைவிடச் சீக்கிரமாக வேறொன்றும் வந்தது, அதற்காக எழுந்து எழுந்து கொல்லைக்குப் போனேன், அதை உங்களுக்கு விவரமாக எழுத வேண்டியதில்லை. விடியற்காலையில் வாசலில் கசமுசா என்று பேச்சுக் கேட்டது. கதவைத் திறந்தால் தெருப் பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு என் வாசலில் இருந்து வரிசையாக நிற்கிறார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வந்து நாளாகிவிட்டது. ஜன்னல் வழியாகத் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டு, முதலில் பொன்னுத்தங்கம் வந்து குடத்தை வைத்திருக்கிறாள், அவளைப் பார்த்து மற்றவர்கள். “நாங்க அம்புட்டுப் பேரும் தெருவுல காஞ்சு கெடக்கோம், நீங்க வீட்டுக்குள்ளயே குழா போட்டுக்கிட்டீகளோ?” என்று பொன்னுத்தங்கம் கேட்டாள். குழாய் இல்லை, காதுக்கு வைத்தியம் என்று தாம்பாளத்தைத் தூக்கிக் காட்டினேன். அவள் தாம்பாளத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். “குடிக்கத் தண்ணி இல்லாத ஊருல காது கழுவுதாக” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அந்தத் தாம்பாளத் தண்ணீரைப் பாக்கியவதி ஆளுக்கு ஒரு சொம்பு என்று ஊற்றிக் கொடுத்துச் சமாதானம் பண்ணிவிட்டு, பானையை அவிழ்த்துக் கூரையில் ஏற்றிவிட்டாள்.

பிறகு அச்சாபீஸ். அங்கே மெஷின் ஓட்டுகிற சண்முகவேல் எனக்குப் பழக்கம். அவனைப் பார்க்கப் போனவன், மெஷின் டடக் டடக் என்று ஓடுகிற சத்தத்தில் காதுத் திரி இருந்த இடம் தெரியாமல் போனதைக் கண்டுபிடித்தேன். “சும்மா ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன்லே” என்று கேட்டேன். “உக்காருங்க பெரியப்பா, சீசன் நேரம், மொதலாளி வந்தா மட்டும் எந்திரிச்சிருங்க” என்றான். சுவரோரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, மாப்பிள்ளை, பகலில் வாயைத் திறந்து தூங்கினேன். சண்முகவேல் வந்து எழுப்பி, “மொதலாளி வாராக, கோயில்ல கூட்டம் இருக்குன்னீகளே” என்றான். அவசரமாக அப்படியே கோயிலுக்கு நடந்தேன். வழியில் குருவம்மாள் என்கிற பூக்காரி எனக்குப் பின்னால் வந்தவள், “பெரியவரே, ஒரு நிமிசம் நில்லுங்க” என்றாள். நின்றேன். கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். இன்னும் இரண்டு பேர் கும்பிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஊரில் இவ்வளவு மரியாதையா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்போது பாட்டுப் புத்தகம் பார்த்துப் பாட வருவதால் கோயிலில் முன் வரிசையிலேயே போய் உட்கார்ந்தேன். பின்னால் பாட்டுச் சத்தம் ஒவ்வொரு வரிசையாகக் குறைந்துகொண்டே வந்தது. கடைசிச் சரணத்தை நான் தனியாகப் பாடினேன். ஆசீர்வாதம் முடிந்ததும் உபதேசியார் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “ஐயா, உங்க முதுகுல என்னங்க அது?” என்றார். வீட்டில் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். முதலாளி பார்ப்பதற்காக அப்போதுதான் மெஷினில் இருந்து எடுத்துச் சுவர்ப்பலகையில் குத்தி வைத்திருந்த ஈரத்தாளில் நான் சாய்ந்திருக்கிறேன். அடுத்த வருஷத்துக் காலண்டர். தாமரைப் பூவில் லட்சுமி, கையில் இருந்து காசு கொட்ட, ஐந்து கலரில் என் முதுகில் முழுசாக இறங்கியிருந்தாள். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த உங்கள் அக்காள் நான் உள்ளே நுழைந்தபோதே பார்த்துவிட்டாளாம். “அப்பவே சொல்லக் கூடாதா?” என்று கேட்டதற்கு, “ஜெபத்துக்கு நடுவுல எந்திரிச்சு, ஏங்க உங்க முதுகுல லட்சுமி இருக்கான்னு சொல்லச் சொல்றீகளா?” என்றாள். அவள் அதைத் துவைத்துத் துவைத்துப் பார்த்தாள். அச்சு மை நல்ல மை. படத்துக்குக் கீழே இருந்த எழுத்தை வாசிக்கப் பார்த்தேன், ஒரு எழுத்துக்கூட எனக்குப் பிடிபடவில்லை. படித்ததெல்லாம் போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன். சட்டையைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். அவர்கள் அதை முகம் பார்க்கிற கண்ணாடியில் பிடித்துக் காட்டிய பிறகுதான் உயிர் வந்தது.

மூன்றாவதுதான் ரேடியோ. இந்த இடத்தை மெதுவாக வாசிக்கவும். தெருக்கோடியில் பேப்பர் கடை வைத்திருக்கும் நல்லசிவம் அண்ணாச்சி புது ரேடியோ வாங்கியிருந்தார். பழையது சும்மா இருந்தது. போய்க் கேட்டேன்.

“பாட்டுக் கேக்கவா பெரியவரே?”

“இல்ல அண்ணாச்சி. பாட்டு இல்லாத எடத்தக் கேக்க.”

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் கொடுத்தார், நல்ல மனுஷர். திருச்சிக்கும் சிலோனுக்கும் நடுவில் எந்த நிலையமும் இல்லாத ஒரு இடத்தில் முள்ளை நிறுத்தினால், மழை பெய்கிற மாதிரி ஒரே சீராக ஒரு இரைச்சல் வருகிறது. டாக்டரம்மா சொன்ன மழை. போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, பாக்கியவதி பின்கட்டில் தலை சாய்த்த பிறகு, ரேடியோவைத் தலைமாட்டில் வைத்து முள்ளைத் திருப்பினேன். என் காதுத் திரி அந்த மழையில் நனைந்து அணைந்தே போனது. தோள்கள் கீழே இறங்கின. கர்த்தரைத் துதித்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

நான் யோசிக்காதது ஒன்று. எனக்கு அது மழை. மழையைக் கேட்டுப் பழகாத இந்தத் தெருவுக்கு அது என்ன சத்தம்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கம்பெனி எல்லாம் லீவு, வீட்டுக்கு வீடு வெடி ஆபீஸ் ஆட்கள் சாப்பிட்டுப் படுத்திருக்கிறார்கள், எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறது, அந்த அமைதியில் ஒரு வீட்டுக்குள் இருந்து ஸ்ஸ் என்று நிற்காமல் கேட்கிறது. உங்கள் அக்காளோ திரி வெட்டுகிற ஷெட்டில் என்னைப் போலவே இருபது வருஷம் இருந்தவள். அந்த ஷெட்டில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுக்கிற பாடம் ஒன்றுதான்: ஸ்ஸ் என்று கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு, யார் பெயரையும் கூப்பிடாதே, திரும்பிப் பார்க்காதே.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தூக்கத்தில் டப் என்று ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அப்பாடா, கடைசியில் வெடித்துவிட்டது, முடிந்தது என்று நினைத்தேன். அந்த ஒரு நொடி எவ்வளவு சுகமாக இருந்தது என்று எழுத எனக்கு இன்னும் படிப்புப் போதாது. கண்ணைத் திறந்தால், தலை முதல் கால் வரை நனைந்து கிடக்கிறேன். பாக்கியவதி காலிக் குடத்தோடு நிற்கிறாள். ரேடியோவில் இருந்து புகை வருகிறது. சூடாக இருந்த அதன் கண்ணாடி பல்பில் தண்ணீர் பட்டு அதுதான் வெடித்திருக்கிறது. அவளுக்குப் பின்னால் அடுத்த வீட்டுச் செல்லச்சாமி மணல் வாளியோடு ஓடிவந்து, ரேடியோமேல் பாதியும் என்மேல் பாதியுமாகக் கொட்டினான். வாசலில் தெருவே நிற்கிறது. அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தார். “வீடு வெடிச்சிருச்சுன்னு சொன்னாக. என் ரேடியோதான் வெடிச்சிருக்கா” என்றார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வாயில் மணலோடு, அத்தனை பேர் முன்னால், நான் உங்கள் அக்காளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, “ரேடியோவக் கெடுத்துட்டியேடி.”

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். “ரேடியோவா? சரி. அப்ப ரேடியோவோடயே இருங்க” என்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் சாத்தூருக்கு வந்துவிட்டாள்.

அவள் போன பிறகு செல்லச்சாமி கையில் ஒரு காயத்துக்கு மஞ்சள் வைத்துக்கொண்டு வந்தான். என்னலே இது என்று கேட்டேன். “பெரியம்மா கடிச்சது” என்றான். “சத்தம் கேட்ட ஒடனே பெரியம்மா தெருவுக்கு ஓடியாந்துட்டாக. நாங்க எல்லாரும் அந்தப் பக்கம் ஓடுறோம், அவுக மட்டும் திரும்பி உங்க வீட்டப் பாத்து ஓடுறாக. புடிச்சு நிறுத்துனேன். அதுக்குத்தான் இது. நானும் இத்தன வருசமா ஷெட்டுல இருக்கேன், ஸ்ஸுன்னு கேட்டதுக்கு அப்புறம் உள்ள போன ஆள இப்பத்தான் பாக்கேன்.” மாப்பிள்ளை, இதை அவளுக்கு வாசிக்கவும். செல்லச்சாமியின் கையில் பல் பட்ட இடம் ஆறி வருகிறது என்று நான் எழுதியிருப்பதாகச் சொல்லவும். அவளுக்குப் புரியும்.

இப்போது என் நிலைமை. பானை கூரையில் இருக்கிறது. அச்சாபீஸ் முதலாளி என்னை வாசல்படி ஏற விடுவதில்லை. ரேடியோ செத்துவிட்டது. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியில் திரி மட்டும் எரிகிறது, முன்பு ஒரு திரி எரிந்த இடத்தில் இப்போது ஒரு கட்டுத் திரி எரிகிற மாதிரி. சோறு பொங்கினால் கொதிக்கிற சத்தத்துக்காக அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன். சோறு குழைந்து கஞ்சியாகிவிடுகிறது, இறக்க மனசு வருவதில்லை. கடைசி நாளில் எக்காளம் தொனிக்கும்போது மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்று வேதத்தில் இப்போது நானே வாசித்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு அந்த எக்காளமாவது கேட்குமா, அல்லது ஊரெல்லாம் எழுந்து போன பிறகு நான் மட்டும் கல்லறையில் திரிச் சத்தம் கேட்டுக்கொண்டு கிடப்பேனா என்று பயமாக இருக்கிறது. இதை ஜோக்காக எழுதவில்லை. சில நேரம் பொட்டலில் போய் நின்று, காதைப் பொத்திக்கொண்டு, ஒரேயடியாக வெடித்துத் தொலையேன் என்று கேட்டிருக்கிறேன்.

அடுத்த பத்தியை மனசுக்குள் மட்டும் வாசிக்கவும்.

மெல்லிசாக, ஒரே சீராக, பக்கத்தில் ஒரு சத்தம் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார்கள் அல்லவா. நான் மழைக்கும் மெஷினுக்கும் அலைந்தேன். உங்கள் அக்காள் குறட்டை விடுவாள், மாப்பிள்ளை. கல்யாணமான நாள் முதல் அதைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை, உங்கள் தகப்பனாரிடமே ஒரு தடவை புகார் சொல்லியிருக்கிறேன். அவள் போன பிறகுதான் தெரிகிறது. அதற்கு மேல் விளக்கி எழுதக் கூச்சமாக இருக்கிறது.

இனிச் சத்தமாக வாசிக்கலாம். ஆகையால் என் மேல் இரங்கி அவளைப் பஸ் ஏற்றி அனுப்பி வையுங்கள். இனி வீட்டுக்குள் எந்தச் சத்தத்தையும் நான் கொண்டுவருவதாக இல்லை. காதில் இருப்பது மட்டும் இருக்கும், அதை வெளியே விடாமல் பார்த்துக்கொள்கிறேன். அவள் தீப்பெட்டி ஒட்டுகிற பலகையைத் துடைத்து வைத்திருக்கிறேன். கோழி ஒன்று அடைகாக்கிறது. அவள் வரவில்லை என்றால் நான் சாத்தூருக்கு வந்து உங்கள் வாசலில் உட்கார்ந்துகொள்வேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்தால் உங்களுக்குத்தான் அவமானம்.

உங்கள் வீட்டார் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லவும். கர்த்தர் உங்களிடம் படிக்கிற பிள்ளைகளுக்கு நல்ல புத்தியும், உங்களுக்குக் கடைசி மட்டும் நல்ல காதும் தந்து காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
த. தேவாசீர்வாதம்
(கையெழுத்து நானே போட்டது. கைநாட்டு இல்லை.)

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக எடுத்துக்கொள்ளவும். கையெழுத்துப் போட்டு மை காய்வதற்காக ஊதிக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. பெட்டியோடு உங்கள் அக்காள். நீங்கள்தான் கோயில் முடிந்ததும் பஸ் ஏற்றிவிட்டீர்களாம். முதல் பத்தி எழுதும்போதே அவள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்திருக்கிறாள், இத்தனை வரியும் வீணாகிவிட்டது.

“யாருக்கு எழுதுறீக?” என்றாள்.

“உன் தம்பிக்கு.”

“வாசிங்க.”

நான் விரல் வைத்துத்தான் வாசிப்பேன். குறிப்புப் போட்ட இடம் வந்ததும் விரலைத் தூக்கி ஒரு தாண்டு தாண்டினேன். வாசிக்கத் தெரியாதவளுக்கு விரல் தாண்டியது மட்டும் தெரிந்துவிட்டது. “அங்கன ஏன் வெரல் குதிச்சுச்சு?” என்றாள். வாசிக்க வேண்டியதாயிற்று. குறட்டைப் பத்தியை இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள்.

“எனக்கும் கேக்குதுங்க” என்றாள்.

“எது?”

“அதான். திரி.” இரண்டு காதையும் தொட்டுக் காட்டினாள். “யோபு வீட்டுல எல்லாரும் புத்தகத்த வச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. ஒரு பேச்சு இல்ல. மொத நாள் படுத்தேன், ஸ்ஸுன்னு கேக்குது. எந்திரிச்சு ஓடிட்டேன். அவன் வாசல்ல வந்து, என்னக்கா என்னக்காங்கான். உங்க ரேடியோதான் என்னையத் தொரத்திட்டு வந்திருச்சுன்னு நெனச்சேன். அது எனக்குள்ளயே இருந்திருக்கு. நீங்க செவிட்டுக்காது வச்சுக்கிட்டு நாள் பூரா கத்திப் பேசுவீகள்ல, அதுல இம்புட்டு நாளா எனக்குத் தெரியல.”

அதற்காகத்தான் திரும்பி வந்தாளாம், என் மேல் இரக்கப்பட்டு இல்லையாம். அதையும் உங்களுக்கு எழுதச் சொன்னாள். சத்தமாகப் பேசினால் உதவும் என்று நான் கத்திப் பேசப் போனேன். இப்போது வேண்டாம், பஸ்ஸில் வந்த அலுப்பு என்று பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தாள். நான் இந்தப் பின்குறிப்பை எழுத ஆரம்பித்தேன்.

“அது என்ன கிறுக் கிறுக்னு?”

“பேனா. முள்ளு கொஞ்சம் வளைஞ்சிருக்கு, காகிதத்தக் கீறுது. நிறுத்திறட்டுமா?”

“நிறுத்தாதீக. நல்லாத்தான் இருக்கு.”

அவள் சொன்ன பிறகுதான் நானும் கவனித்தேன். கடிதம் எழுதத் தொடங்கியதில் இருந்து, மை தொடுவதற்காகப் பேனாவைத் தூக்குகிற நேரம் தவிர, என் காதிலும் திரி கேட்கவில்லை. ஆகையால் எழுதுகிறேன். சொல்ல வேண்டிய விஷயம் தீர்ந்துவிட்டது, ஆனாலும் எழுதுகிறேன். கோழி நலம். செல்லச்சாமி நலம். பொன்னுத்தங்கம் நலம். லட்சுமிச் சட்டையைக் குருவம்மாள் கேட்டாள், கொடுத்துவிட்டேன், அவளும் நலம். அண்ணாச்சி இன்னும் என்னோடு பேசவில்லை, ஆனால் நலம். டீச்சர் கற்றுக் கொடுத்த எல்லா எழுத்தையும் வரிசையாக எழுதட்டுமா என்று யோசிக்கிறேன், நீங்கள் அதை வாசிக்க வேண்டாம், அது உங்களுக்கு இல்லை.

அவள் கண்ணை மூடிவிட்டாள். தோள் இரண்டும் இறங்கிவிட்டன. இன்னும் ஒரு வரி எழுதினால் போதும் என்று நினைக்கிறேன்.

குறட்டை வந்துவிட்டது, மாப்பிள்ளை. இனி நான் பேனாவைக் கீழே வைக்கலாம். அடுத்த வாரம் எழுதுகிறேன்.